முப்பத்தைந்தாவது நகர்த்தல்

ஜெயித்தவர்கள் ஓர் இனம், தோற்றவர்கள் ஓர் இனம், உலகத்தில் வேறு இனமே கிடையாது என்றுதானே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒரு பெரிய ஆளோடு மோதி, தோற்காமல் வீடு திரும்பியவர்கள். ஜெயித்தவர் அடுத்த ஜெயத்துக்கு ஓட வேண்டியவர். அவருக்குப் பேச நேரமில்லை. தோற்றவர் தானாகவே பேச்சை மாற்றிவிடுவார். டிரா செய்தவர் இருக்கிறாரே, அவருக்கு நேரமும் உண்டு, விஷயமும் உண்டு, எதிரே நீங்களும் உண்டு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். மழையைப் பற்றிப் பேசுங்கள். "அன்னைக்கும் இப்படித்தான் தூறிக்கிட்டு இருந்தது" என்பார். முதுகுவலி என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவர் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, வாசலோரம் செருப்புகளுக்கு நடுவே நின்றபடி, "மனுஷன் வாழ்க்கையே ஒரு ஆட்டம்தாங்க" என்று பெருமூச்சு விடுவார். நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள். அவ்வளவுதான். முதல் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போய்விட்டது.

நம் கைவசம் இருப்பவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடைக்கு வெளியே பெயர்ப்பலகை உண்டு, அதில் அவர் பெயரும் உண்டு, ஆனால் தபால்காரரே "டிரா சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு பொதுச் சதுரங்கப் போட்டியின் முதல் சுற்றில், குலுக்கலில் யார் யாருக்கோ யார் யாரோ வர, இவருக்கு சாம்பியன் வந்து வாய்த்தார். தரப்பட்டியலில் சாம்பியன் இருந்த இடத்துக்கும் இவர் இருந்த இடத்துக்கும் நடுவில் ஆயிரம் புள்ளிகள். அந்த இடைவெளியில் ஒரு சின்ன ஊரையே குடிவைக்கலாம். இவருக்கு வெள்ளைக் காய். முப்பத்து நான்கு நகர்த்தல்கள். டிரா.

கதையை அவர் வாயால் கேட்பதுதான் முறை.

"முப்பத்து நாலாவதா அவர் ராஜாவ ஒரு கட்டம் நகர்த்தினாரு. நான் நிமிந்து பாத்தேன். 'டிரா?'ன்னேன். விதி என்ன சொல்லுது? நம்ம காய நகர்த்திட்டுத்தான் டிரா கேக்கணும். நான் நகர்த்தாமலே கேட்டுட்டேன். 'முதல்ல நகர்த்துங்க, அப்புறம் பாக்கலாம்'னு அவர் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? இல்ல. வார்த்தை என் வாயிலருந்து முழுசா வர்றதுக்குள்ள கைய நீட்டிட்டாரு. அப்படி ஒரு பெருந்தன்மை. அப்படி ஒரு மரியாதை."

இந்த இடத்தில் கேட்பவர் உச்சுக்கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை இருபத்தைந்தாவது நகர்த்தலிலிருந்து மறுபடி தொடங்கும்.

சரி, கேட்காமல் தப்பிக்க முடியாதா? கண் நன்றாக இருந்தால் முடியும். கண் மங்கியவர்கள் மாட்டினார்கள். கிட்டத்துப் பார்வையைச் சோதிக்க மற்ற கடைகளில் ஏதோ ஒரு அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள் அல்லவா? இவர் கடையில் கொடுப்பது அந்த ஆட்டம்தான். தன் கையாலேயே எழுதிக் கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே நகப்பூச்சுப்போல ஏதோ தடவிப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். முதல் நகர்த்தல் கட்டைவிரல் அளவு எழுத்தில். போகப்போகச் சிறுத்து, முப்பதாவது நகர்த்தல் கடுகளவு. கடைசி நாலும் பூதக்கண்ணாடிக்கே சவால். அதற்கும் கீழே, சிவப்பு மையில், தெருவிலிருந்தே தெரியும்படி: டிரா.

"இருபத்தி ரெண்டாவது தெரியுதா?"

"மங்கலா தெரியுது சார்."

"குதிரையா, யானையா?"

"யானை மாதிரி இருக்கு."

"குதிரை. நாப்பத்தி நாலு வயசாச்சா உங்களுக்கு?"

இப்படியாக அந்த வட்டாரத்தில் நாற்பது வயது தாண்டிய அத்தனை பேருக்கும், அவரவர் கண் அனுமதித்த தூரம் வரை, அந்த ஆட்டம் மனப்பாடம். கடைசி நாலு நகர்த்தல்களை மட்டும் யாரும் படித்ததில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சதுரங்க மன்றத்துக்கு வாரம் தவறாமல் போவார், பக்கத்தில் நின்று பார்ப்பார், "ம்" என்பார். உட்காரச் சொன்னால் மணி பார்ப்பார். சாம்பியனை நிறுத்திய கை போய்ப் பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரரிடம் தோற்பதா? இந்த இனத்தின் தலையாய லட்சணம் இதுதான்: பத்திரப்படுத்திக்கொள்ளும். ஒரே ஒரு முறை மலையேறியவர் அதற்கப்புறம் மாடிப்படிகூட ஏறமாட்டார்.

இனி அவர் மனைவியிடம் வருவோம். இந்த இனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மனைவியை விட்டுவிடுகிறார்கள். பெரும் பிழை. டிரா செய்தவரை உலகம் அரைமணி நேரம் கேட்கிறது. மனைவி பத்தொன்பது வருடம் கேட்டிருக்கிறாள்.

அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் முகம் மாறாமல் "வலிக்காது" என்று சொல்வதில் பதினெட்டு வருட அனுபவம். சதுரங்கத்தில் குதிரை எப்படித் தாவும் என்பது மட்டும் தெரியும். அதுவும் கதை வழியாகத் தெரிந்ததுதான். கதையில் அவளுக்கும் ஒரு வரி உண்டு: "அன்னைக்கு இவ கூட வரல." அந்த வரி வரும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டே "வந்திருக்கணும்" என்பாள். அது அவள் பாத்திரம். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய தம்பி வந்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அக்காள் புருஷன்மேல் உயிர். மாமாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்த ஆட்டத்தை போனில் ஏற்றிப் படம்போல ஓடவிட்டுக் காட்டலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. பீரோவில் வேட்டி சட்டைக்கு அடியில் இருந்த அசல் தாளை அக்காள் ரகசியமாக எடுத்துக் கொடுத்தாள். அரைமணி நேரம் கழித்து, முகத்தில் ரத்தமில்லாமல் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"அக்கா, மாமா டிரா கேட்டாரு பாரு, அந்த இடம்."

"ஆமா. அவர் கைய நீட்டிட்டாரு. பெருந்தன்மை."

"பெருந்தன்மையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அந்த இடத்துல மாமா குதிரைய ஒரு தாவு தாவ விட்டிருந்தா ராஜாவுக்கு செக். அதே தாவல்ல ராணியும் போச்சு. சாம்பியன் அதோட எந்திரிச்சுப் போயிருக்க வேண்டியதுதான். மெஷின் சொல்லுது."

"மெஷினுக்கு என்ன தெரியும்?"

"எனக்கே தெரியுதுக்கா."

அவள் அடுப்பைத் தணித்தாள். முன்னறையிலிருந்து, யாரோ ஒரு குழாய் ரிப்பேர்காரரிடம், "வார்த்தை முழுசா வர்றதுக்குள்ள" என்று கணவரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மனுஷனிடம் வேறு என்ன இருக்கிறது? கடன் இல்லாத ஒரு கடை, குறட்டை, இந்த டிரா. மூன்றில் எதை அவரிடமிருந்து பிடுங்குவது?

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றாள். "போன்லருந்து அழிச்சிடு."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

அன்றிலிருந்து அவள் காவல் காத்தாள். "சார், போன்ல போட்டுப் பாக்கலாமே" என்று யாராவது வாய் திறந்தால், காபி வரும். காபி தீர்ந்தால் பல் பரிசோதனை வரும். அவளுக்கு வசதியாக, அவரும் போனை அண்டவிடுவதில்லை. "அன்னைக்கு அந்த ஹால்ல இருந்த புழுக்கம் மெஷினுக்குத் தெரியுமா?" என்று ஒதுக்கிவிடுவார். நல்லவேளை, பிடிவாதக்கார மனுஷன் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில்தான் மருந்துக்கடைக்காரர் கையை வைத்தார். இவர் சதுரங்க மன்றத்தின் செயலாளர். எதையும் பிரமாதமாகச் செய்தாக வேண்டும் என்று பிறந்தவர். அது வேறோர் இனம், வேறொரு நாள் பார்க்கலாம். இருமல் மருந்து வாங்கப் போனவளை மேசை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மன்றத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகுதும்மா. சாம்பியனே வர்றாரு, அது சாருக்கும் தெரியும். ஆனா ஒரு இன்ப அதிர்ச்சி வெச்சிருக்கோம், சொல்லிடாதீங்க. அந்த ஆட்டத்தப் பெரிய ஸ்கிரீன்ல ஒவ்வொரு நகர்த்தலா போடறோம். ஓரத்துல ஒரு பட்டை வரும். வெள்ளைக்குச் சாதகமா இருந்தா வெள்ளை ஏறும், கறுப்புக்குன்னா கறுப்பு ஏறும்."

அவளுக்கு இருமல் நின்றுவிட்டது.

"நீங்க ஏத்திப் பாத்தாச்சா?"

"எங்க? கடைசி நாலும் சாரோட அட்டையில யாருக்குத் தெரியுது? சாம்பியனோட உதவியாளர் முழுசா கொண்டுவர்றாரு. நேரா மேடையிலதான்."

"பட்டை எதுக்குங்க? வெறும் பலகை போதாதா? கண்ணுக்கு உறுத்தும்."

"உறுத்தினா சார் கடைக்கு வரட்டும்," என்று மருந்துக்கடைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, மருந்தைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த பத்து நாட்கள் அவள் செய்து பார்த்தவற்றை எல்லாம் சொன்னால் உங்களுக்கே அவள்மேல் பரிதாபம் வரும். தலைவலி என்று படுத்தாள். அவர் தைலம் தடவிவிட்டு, விழாவுக்குப் போட வேண்டிய கோட்டுக்கு இஸ்திரி போடப் போனார். வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்றாள், "சாம்பியனையும் கூட்டிட்டுப் போலாமா?" என்றார். கடைசியில் தம்பியைக் கூப்பிட்டாள். விழாவுக்கு மைக் செட் அவனுடையது. மேடைக்கும் கூடத்து மின்விசிறிகளுக்குமான மொத்தக் கரண்ட்டும் அவன் காலடியில் இருக்கும் ஒரு பிளக்கில்.

"நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். என் கண்ணாடியக் கழட்டினா, பிடுங்கிடு."

"எப்பக்கா கழட்டுவ?"

"முப்பத்தி மூணு முடிஞ்சதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கூடம் நிறைந்துவிட்டது, அதில் பாதிப் பேர் கடைக்காரர் கண்ணாடி போட்டுவிட்டவர்கள். சாம்பியன் வந்தார். தலை நரைத்து, வயிறு லேசாக வைத்து, பெரிய ஆட்களுக்கே உரிய களைத்த சிரிப்போடு. கடைக்காரரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பில் ஏதோ மாறியது. அதை அவள் கவனித்தாள்.

ஸ்கிரீனில் ஆட்டம் தொடங்கியது. எட்டாவது நகர்த்தல் வரை பட்டை நடுவிலேயே நின்றது. ஒன்பதாவதில் மருந்துக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "நம்மில் ஒருவர். நமக்கெல்லாம் பார்வை கொடுத்தவர். ஆயிரம் புள்ளி உயரத்தில் இருந்தவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சமம் என்று சொல்லவைத்தவர்." மொத்தக் கூடமும் எழுந்து கைதட்டியது. கடைக்காரரின் இரண்டு காதும் சிவந்துவிட்டன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கண் நிறைந்தது.

கண் நிறைந்தால் என்ன செய்வார்கள்? கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள்.

தம்பி விசுவாசி. பிடுங்கிவிட்டான்.

ஸ்கிரீன் செத்தது. மைக் செத்தது. மின்விசிறிகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. மருந்துக்கடைக்காரர் மட்டும் வாயசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கலவரத்தில் சாம்பியன் எழுந்து மேடை மேசைக்கு முன்னால் வந்தார்.

"ஸ்கிரீன் எதுக்குங்க?" என்றார். கணீரென்ற குரல். "இந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். ஒரு பலகை குடுங்க போதும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கையில் பிளக்கோடு அவளைப் பார்த்தான். சாம்பியனுக்கு பிளக் கிடையாது.

காய்களை விறுவிறுவென்று வைத்தார். முப்பத்து மூன்று நகர்த்தல்கள் மூன்று நிமிடத்தில் ஓடின. பிறகு கறுப்பு ராஜாவை எடுத்து ஒரு கட்டம் நகர்த்தினார்.

"இங்கதான் நான் செத்தேன். வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. குதிரை வந்தா செக், ராணியும் போகும். வேர்த்துக் கொட்டுது. இவரு நிமிந்தாரு. சரி, கண்டுபிடிச்சிட்டாருன்னு நெனச்சேன். ஆனா இவரு பலகையப் பாக்கல. என் மூக்கப் பாக்கறாரு."

கூடம் சிரிக்கலாமா வேண்டாமா என்று காத்திருந்தது.

"என் கண்ணாடியில இடது பக்க ஸ்க்ரூ கழண்டு தொங்கிக்கிட்டு இருந்தது. காலையிலருந்து அது நழுவி நழுவித்தான் நான் கண்டபடி ஆடிக்கிட்டு இருந்தேன். இவரு 'டிரா?'ன்னாரு. நான் கையப் பிடிச்சிட்டேன், விடுவேனா? உடனே பையிலருந்து குண்டூசி மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து, என் மூஞ்சியிலருந்து கண்ணாடியக் கழட்டி, முடுக்கி, துடைச்சு, திரும்ப மாட்டிவிட்டாரு. அந்தப் போட்டியில மிச்சம் எட்டு ஆட்டமும் நான் ஜெயிச்சேன். தோத்த ஆட்டமெல்லாம் எனக்கு மறந்துபோச்சுங்க. தப்பிச்ச ஆட்டம் மறக்கல. போற இடமெல்லாம் சொல்றேன்."

பார்த்தீர்களா? சாம்பியனும் அதே இனம்.

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இடிந்துபோயிருப்பார் என்று நினைத்தாள். அவர் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து, குற்றம் செய்தவர்போல அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு பஸ் ஏறி உக்காந்ததுமே அந்தக் குதிரை தெரிஞ்சுபோச்சு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டாவது நிறுத்தம் வர்றதுக்குள்ள."

"பத்தொம்பது வருஷமாவா?"

"அந்த ஸ்க்ரூ எப்ப விழுமோன்னே பாத்துக்கிட்டு இருந்தேன். பலகையே கண்ணுல படல. வீட்டுக்கு வந்ததும் உன்கிட்ட டிரான்னுதான் சொன்னேன். நீ தெருவுக்கே போய்ச் சொல்லிட்ட. அவ்ளோ சந்தோஷம் உனக்கு. அப்புறம் எப்படி ஜெயிக்க வேண்டியதுன்னு சொல்றது?"

"அதுக்காக தினமும் சொல்லணுமா?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பியே."

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்," என்றாள்.

அப்போதுதான் அந்தக் காபிகளும் பல் பரிசோதனைகளும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. அவளுக்கோ, பூதக்கண்ணாடிக்கே சவாலான அந்தக் கடைசி நாலு வரிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஊரில் அத்தனை பேருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறவர், அந்த நாலை மட்டும் எவ்வளவு பொடியாக எழுதியிருந்தார்.

"அதே ஃபிரேம்," என்றார் அவர் திடீரென்று, மேடையைப் பார்த்து. "மறுபடியும் இடது பக்கம் லூஸ்."

யாரும் அழைக்காமலே எழுந்து போனார். கோட்டுப் பையில் அது இருந்தது, எப்போதும் இருக்கும். சாம்பியன் முகத்தை நீட்டினார். கழற்றி, முடுக்கி, துடைத்து, மாட்டிவிட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் சாம்பியன் பலகையைக் காட்டினார்.

"முப்பத்தஞ்சாவது உங்களுது. இப்பவாவது வைங்க. நான் கடன்பட்டவன்."

கூடத்தில் மின்விசிறியும் இல்லை, மூச்சும் இல்லை. கடைக்காரர் குதிரையை எடுத்தார். கையில் ஒரு முறை உருட்டிப் பார்த்தார். அந்தக் கட்டத்துக்கு மேலே கை போயிற்று. அங்கேயே நின்றது. முன் வரிசையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வைத்துவிடுங்கள் என்று நினைத்தாளா, வேண்டாம் என்று நினைத்தாளா என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

குதிரை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

"கை குடுத்தாச்சு சார்," என்றார். "டிரான்னா டிராதான்."

மறுநாள் கடையில் அட்டை மாறியிருந்தது. கடைசி நாலு நகர்த்தல்களும் இப்போது முதல் வரிக்குச் சமமாக, கட்டைவிரல் அளவில். அதனால் அட்டை ஒன்று போதாமல் இரண்டாகிவிட்டது, கதையும்தான். முன்பு அரைமணி நேரம் ஓடியது இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. ஏனென்றால், அவர் இப்போது சாம்பியனோடு டிரா செய்தவர் இல்லை. இரண்டு முறை டிரா செய்தவர். இரண்டாவது தடவை வேண்டுமென்றே.

"அன்னைக்கு இவ கூட வரல," என்பார் பழக்கத்தில்.

"ரெண்டாவதுக்கு வந்தேன்," என்று உள்ளிருந்து குரல் வரும். அவளுடைய பாத்திரம் இப்போது ஒரு வரி நீண்டிருக்கிறது.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. உட்காருங்கள். ஒரே ஒரு கேள்விதான். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே நீங்கள் பேசிய அந்த ஒரு வார்த்தை, பெரிய மனிதர் ஒருவர் கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்த ஒரு மாலை, அதை நீங்கள் சொல்லத் தொடங்கும்போது, உங்கள் வீட்டில் ஒருவர் சரியான இடத்தில் உச்சுக்கொட்டுகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? அவர் உங்கள் பீரோவில் சட்டைக்கு அடியில் இருப்பதை எப்போதோ எடுத்துப் படித்துவிட்டார். இன்றைக்குக் கதையைச் சொல்லும்போது, அவருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.